கடைசி வரிசை

சாராள் டீச்சருக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று சிங்காநல்லூர் வீட்டைப் பூட்டும்போதே முடிவு செய்துகொண்டுதான் கிளம்பியிருந்தாள் என்பது வேறு விஷயம். வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து கால் கிலோமீட்டர் வெயிலில் நடக்கவைத்து, குளத்தங்கரையில் நின்றது ஊரெல்லாம் பேசுகிற அந்த இசையரங்கம். நாரை சிறகு விரிக்கிற மாதிரி கட்டியிருப்பதாகப் பேப்பரில் அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். வரைந்து கொடுத்தவர் ஏதோ குளிர்தேசத்துக்காரர். பத்து நாள் கோயமுத்தூரில் தங்கி நாரையைப் பார்த்துவிட்டுப் போனாராம். சாராளுக்கு நாரையும் தெரியவில்லை, சிறகும் தெரியவில்லை. மழைக்குத் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டிய பஞ்சு லாரிதான் தெரிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவள், மகள் பக்கத்தில் வருவதைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

மூடிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வரும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே ரெபேக்கா சொல்லியிருந்தாள். சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறவள். அதிகம் பேசுகிற பெண் இல்லை. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அம்மா, எனக்கு முப்பத்தொண்ணு ஆச்சுங்க. இந்த மாப்பிள்ளை எடம் எனக்குப் புடிச்சிருக்குது. இன்னிக்கு ஒரு நாளைக்கு யாரையும் ஒண்ணும் சொல்லாம இருந்துபோடுங்க. இதுவும் கலைஞ்சுதுன்னா இனி என்னைய எங்கயும் கூப்பிடாதீங்க."

நான் என்னத்தைச் சொல்லப்போகிறேன் என்று சாராள் கேட்டாள். பின் சீட்டில் இருந்த அவளுடைய அண்ணன் ஞானாபரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார். ரயில்வேயில் ரிட்டயரானவர். தங்கை புருஷன் காலமான பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் ஆண் துணை அவர்தான். பெண் பார்க்கிற படலத்துக்கு இது பன்னிரண்டாவது தடவையாகக் கூட வருகிறார். இத்தனை தடவையில் அவருக்கு மிஞ்சியது கேசரியும் பஜ்ஜியும் சர்க்கரை வியாதியும்தான்.

பதினோரு இடம் தட்டிப்போயிருந்தது. சாராள் தட்டிவிட்டாள் என்று சொல்வதுதான் நியாயம். ஒரு மாப்பிள்ளை காபி உறிஞ்சுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டதாம். இன்னொரு மாப்பிள்ளையின் அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் இங்கிலீஷில் ஜெபம் பண்ணினார். கர்த்தருக்குத் தமிழ் தெரியாதா என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். மற்றொரு வீட்டில் சோபாவின் பிளாஸ்டிக் உறையையே பிரிக்கவில்லை, அது ஒரு குற்றம். முப்பத்து மூன்று வருடமாக மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாளில் தப்பைச் சுழிக்கிற கையால் மாப்பிள்ளைகளையும் சுழித்துத் தள்ளினாள்.

பிராங்க் என்ற பையன் மட்டும்தான் அந்தக் கைக்குச் சிக்காதவன். நான்கு வருடத்துக்கு முன்னால் பாஸ்டர் மூலமாக வந்த இடம். ஜெர்மனியில் வேலை. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரெபேக்காவுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. பெண் கறுப்பு, வேண்டாம் என்று பிராங்க் வீட்டார் சொல்லிவிட்டதாக ஒரு நாள் சாயங்காலம் சாராள் வந்து சொன்னாள். அன்றிலிருந்து ரெபேக்கா அடர்ந்த நிறத்தில் எதையும் உடுத்துவதில்லை. மயில்கழுத்து நிறமும் அரக்கும் பீரோவிலேயே கிடக்கின்றன. இன்றைக்கும் சந்தன நிறத்தில் ஒரு புடவை கட்டி, முகத்துக்கு என்னென்னவோ பூசிக்கொண்டு வந்திருந்தாள்.

பெண் பார்க்க வீட்டுக்கு வராமல் பொது இடத்தில் சந்திப்பது இப்போது பழகிப்போன விஷயம். பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் முகம் கோணாமல் கிளம்பிவிடலாம். எல்லோரும் ஓட்டலுக்குப் போவார்கள், மாலுக்குப் போவார்கள். கருமத்தம்பட்டி பெனடிக்ட் மட்டும் இசையரங்கத்துக்கு வாங்க என்றார். அந்த அரங்கத்து சீட்டுத் துணி முழுக்க அவருடைய தறியில் ஓடியது. அதனால் காலையில் சுற்றிப் பார்க்க அவருக்கு இலவச அனுமதி. ரெபேக்காவோடு வேலை செய்யும் யாஸ்மினின் அத்தா, பெனடிக்டிடம் துணி எடுக்கிறவர். அந்த வழியில் வந்த சம்பந்தம் இது. பையனும் பெண்ணும் போட்டோவில் பார்த்துக்கொண்டதோடு சரி. நாம் சி.எஸ்.ஐ., அவங்க ஆர்.சி. என்று சாராள் ஆரம்பித்துப் பார்த்தாள். ரெபேக்கா பிடி கொடுக்கவில்லை. மாதாவைக் கும்பிட்டால் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்றாள்.

வாசலில் பெனடிக்ட் குடும்பம் நின்றிருந்தது. பெனடிக்ட் வெள்ளைச் சட்டையில், வாயெல்லாம் பல்லாக இருந்தார். அவர் மனைவி பிலோமினா கையில் ஒரு தூக்குப்போசி. அதில் அச்சு முறுக்கு. உள்ளே தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது என்று செக்யூரிட்டி அதை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டார். பிலோமினா, பரவாயில்லீங்க, பசிச்சா நீங்களும் எடுத்துக்குங்க என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை ஆஷ்லிக்கு முப்பத்து நான்கு வயது, முன்னந்தலை ஏறியிருந்தது. வாங்கம்மா என்று கும்பிட்டான். சாராளும், நல்லா இருக்கீங்களா தம்பி, வெயில்ல ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டமா என்று பாகாக உருகினாள். எதிரில் நிற்கிறவரை அவள் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. எல்லாமே அவர் முதுகு திரும்பிய பிறகுதான்.

முன்கூடத்தில் இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. அதற்கப்பால் குளம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் குளம் அழகாகத்தான் இருந்தது. ஆகாயத்தாமரை பூத்திருந்தது, நீர்க்காகம் இறக்கையைக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்றம் மட்டும் உள்ளே வராமல் கண்ணாடியை நான்கு பக்கமும் அடைத்திருந்தார்கள். சாக்கடையை நிறுத்தத் துப்பில்லை, அதற்குக் கண்ணாடி போட்டுப் படம் காட்டுகிறார்கள் என்று சாராள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கூடத்தின் நடுவில் ஒரு படிக்கட்டு ஏறிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது. அது எங்கே போகிறது என்று ஞானாபரணம் கேட்டார். எங்கேயும் போகாதுங்க, அது அப்படித்தான், அழகுக்கு என்றார் சுற்றிக்காட்ட வந்த கதிர். நாற்பது வயதுக்காரர், கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார். தினமும் நான்கு தடவை அதே பேச்சைப் பேசுகிற அலுப்பு முகத்தில் தெரிந்தது.

கழிப்பறை தேடிப்போன ஞானாபரணம் திரும்பி வர நேரமாயிற்று. ஆண், பெண் என்று எழுதியோ படம் போட்டோ வைக்கவில்லை. ஒரு கதவில் வட்டம், ஒரு கதவில் முக்கோணம். அவர் முக்கோணத்துக்குள் நுழைந்து, இரண்டு காலேஜ் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருந்தார். கணக்கு டீச்சரான தங்கையிடம், முக்கோணம்னா பொம்பளைன்னு எந்தப் புஸ்தகத்துல அம்மணி இருக்குது என்று பாவமாகக் கேட்டார். இத்தனை கோடி கொட்டிக் கட்டியவனுக்கு ஒரு பொம்மை வரைய வரவில்லையே என்று சாராளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ரெபேக்கா பார்த்தாள். சாராள் மேல்கூரையைப் பார்த்தாள்.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஏ.சி. எலும்பு வரை ஏறியது. நடுவில் மேடை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் சீட்டு, ஏறி ஏறிப் போய்க் கூரைக்குக் கீழே நாற்பத்தொன்றாவது வரிசையில் முடிந்தது. சுவர் முழுக்க மரப்பலகை, அதுவும் மேடும் பள்ளமுமாக. மேஸ்திரி ரசமட்டம் வைக்காமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று சாராள் நினைத்தாள். ஒவ்வொரு மேட்டுக்கும் கணக்கு இருக்கிறது என்றார் கதிர். இங்கே மைக் கிடையாது, மேடையில் ஒரு காகிதத்தைக் கிழித்தால் கடைசி வரிசையில் கேட்கும் என்றார். சாராள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிதாகக் கட்டுகிற எல்லாக் கல்யாண மண்டபத்துக்காரனும் இப்படித்தான் அளக்கிறான். வாடகைக்கு வந்த பிறகு மைக் செட் பாயைத்தான் கூப்பிடுகிறான்.

பெனடிக்டுக்கு மேடையும் சுவரும் முக்கியமில்லை, சீட்டுதான். எல்லோரையும் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வாடின கத்திரிக்காய் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது துணி.

"ஆளு உக்காந்தா சத்தத்தை எவ்வளவு இழுக்குமோ, காலி சீட்டும் அவ்வளவுதான் இழுக்கோணுமுங்க. அப்பத்தான் கூட்டம் வந்தாலும் வராட்டியும் பாட்டு ஒரே மாதிரி இருக்குமாம். பதினோரு தடவை ஓட்டி அனுப்பினேன், பதினொண்ணையும் திருப்பிப்போட்டாங்க. பன்னெண்டாவதுக்குத்தான் ஓகே சொன்னாங்க."

ஞானாபரணம் தங்கையை ஓரக்கண்ணால் பார்த்தார். சாராள் மட்டும் பார்க்காத மாதிரி, பிரமாதமுங்க, எங்க ஊட்டு சோபாவுக்கும் ஒரு பத்து மீட்டர் சொல்லணும் என்றாள். ஆஷ்லி ரெபேக்காவிடம் குளிருதுங்களா என்று கேட்டான். கொஞ்சம் என்றாள். அவன் தன் கையில் வைத்திருந்த அம்மாவின் சால்வையை நீட்டினான். நல்ல கறுஞ்சிவப்பு. ரெபேக்கா ஒரு விநாடி தயங்கிவிட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டாள். சாராளுக்கு அது சுருக்கென்றது. அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் இதென்ன சலுகை என்று நினைத்தாள்.

கதிருக்கு ஒரு போன் வந்தது. பெனடிக்ட் தெரிந்தவர்தானே, நீங்க மேடையில நின்னு பாருங்க சார், அடுத்த குரூப்பைக் கூட்டிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அரங்கத்தில் அந்த ஆறு பேர் மட்டும் மிஞ்சினார்கள். பேச வேண்டியதைப் பேச நேரம் வந்துவிட்டது. இரண்டு குடும்பமும் நேருக்கு நேர் நின்றுகொண்டு சம்மதமா இல்லையா என்று கேட்பது மரியாதை இல்லை. தள்ளிப்போய்க் கலந்து பேசிவிட்டு வருவதற்கு ஒரு பத்து நிமிடம் விடுவார்கள். எல்லோரும் மேடையில் ஏறி நின்றதும் பெனடிக்ட் முறையாகச் சொன்னார்.

"எங்களுக்குப் பரிபூரண சம்மதமுங்க. நீங்க அண்ணனும் தங்கச்சியும் கலந்து பேசிட்டு வாங்க. அவசரமில்லீங்க. புள்ளை எங்ககூட இங்கயே இருக்கட்டும்."

சாராள் ரொம்பச் சந்தோசமுங்க என்று கும்பிட்டுவிட்டு அண்ணனை இழுத்துக்கொண்டு நடந்தாள். பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். பக்கவாட்டில் கதவைத் திறந்து வெளியே போயிருக்கலாம். வெளியே காலேஜ் கூட்டம் நின்றது. உள்ளேயே ரகசியம் பேச வேண்டுமென்றால் எட்டத்தில் போக வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் அப்படித்தான், கல்யாண வீட்டில் அப்படித்தான். முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு நாற்பத்தொரு வரிசையும் ஏறினாள். ஞானாபரணம் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கடைசி வரிசையில், சுவரை ஒட்டிய மூலையில் போய் உட்கார்ந்தார்கள். மேடையில் நான்கு பேரும் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தார்கள். மேடையிலிருந்து இங்கே கேட்டால் இங்கிருந்து மேடைக்கும் கேட்கும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். கணக்கு டீச்சருக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

காலையிலிருந்து அடக்கிவைத்தது மொத்தமும் மடை திறந்துகொண்டது. ரகசியமாகத்தான் பேசினாள்.

முதலில் கட்டடத்தைப் பிடித்தாள். நாரையாம் நாரை, தார்ப்பாய் போட்ட லாரி என்றாள். எங்கேயும் போகாத படிக்கட்டையும் முக்கோணக் கழிப்பறையையும் ஒரு வாங்கு வாங்கினாள். அங்கிருந்து பெனடிக்டுக்கு வந்தாள். நாலு முழம் துணி ஓட்டிவிட்டு ஹாலையே நெய்த மாதிரி அளக்கிறார் என்றாள். மாப்பிள்ளை தலையில் இருக்கிற முடியை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம் என்றாள். அப்புறம் பிலோமினா. பொருட்காட்சிக்கு வருகிற மாதிரி தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது, அதை செக்யூரிட்டிக்குத் தாரை வார்த்துவிட்டு வேறு வருகிறது என்றாள்.

முறுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும் என்றார் ஞானாபரணம்.

சாராள் கீழே பார்த்தாள். மேடையில் நான்கு பேரும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ரெபேக்கா தலையைக் குனிந்திருந்தாள். பெனடிக்ட் ஒரு சீட்டைக் கூடக் கைகாட்டவில்லை.

"பாருங்கண்ணா, புள்ளையைப் பக்கத்துல வெச்சுட்டு ஒரு வார்த்தை பேசத் தெரியலை. மரத்தாட்டம் நிக்கறாங்க. இந்த ஊட்டுல போயி இவ என்னத்தைப் பேசுவா?"

பன்னிரண்டு தடவையாகச் சிரித்து மழுப்பிக்கொண்டு வந்த ஞானாபரணத்துக்கு, அன்றைக்கு நாற்பத்தொரு படி ஏறின மூச்சிரைப்போ என்னவோ, பொறுமை போய்விட்டது.

"அம்மணி, ஒண்ணு கேக்கறேன். உனக்குப் புள்ளையைக் கட்டிக்குடுக்க இஷ்டமிருக்குதா, இல்லையா?"

"நான் என்ன பண்ணட்டும்? நல்ல எடமா வந்தாக் குடுக்க மாட்டனா?"

"அந்தப் பிராங்கு நல்ல எடந்தானே. அவங்களாத்தானே வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. அந்த எடத்தைப் பத்தி மட்டும் நீ ஒரு குறையும் சொல்லலையே."

சாராள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அண்ணன்தானே, ஆள் அரவமில்லாத இடம்தானே என்று இருந்தது. நான்கு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததை ஒருவரிடமாவது இறக்கிவைக்கிற நேரம் என்றும் இருந்திருக்கலாம்.

"அவங்க எங்க வேண்டாம்னாங்க? நான்தானுங்க போன் போட்டேன். புள்ளைக்கு இஷ்டமில்லைன்னு சொல்லிப்போட்டேன். அந்தம்மா ரெண்டு தடவை திருப்பிக் கூப்பிட்டுச்சு. நான் எடுக்கலை."

"பொறகு கறுப்புன்னு சொன்னாங்கன்னயே?"

"அது இவகிட்டச் சொல்றதுக்கு. வேற எதைச் சொல்லியிருந்தாலும் இவ நம்பியிருக்க மாட்டா, நேரா அவங்களையே கூப்பிட்டுக் கேட்டிருப்பா. கறுப்புன்னு சொன்னா அப்புறம் யாரு போயிக் கேப்பாங்க? ஜெர்மனிக்குக் கொண்டுபோயிருப்பான். சிங்காநல்லூர் ஊட்டுல நான் ஒருத்தி சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கோணுமா?"

"புள்ளை ஒரு வாரம் சோறு திங்கலையே, அம்மணி."

"ரெண்டாம் நாளே தின்னுபோட்டா."

"இது கருமத்தம்பட்டி. சிங்காநல்லூர்ல பஸ் ஏறினா ஒரு மணி நேரம்."

"கருமத்தம்பட்டியா இருந்தாலும் போறது போறதுதானுங்கண்ணா. விடுங்க. ரெண்டு நாள் கழிச்சு இந்தம்மாவுக்கும் ஒரு போன் போட்டு, புள்ளைக்கு ஆர்.சி. வேண்டாமாம்னு சொல்லிக்கலாம். இவகிட்டப் பழையபடி அதையே சொன்னாப் போகுது."

அப்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து செருமின மாதிரி இருந்தது. ஞானாபரணம் திரும்பிப் பக்கத்து சீட்டைப் பார்த்தார். சாராளும் பார்த்தாள். கத்திரிக்காய் நிறத் துணிதான் இருந்தது. கீழே மேடையில் பெனடிக்ட் வாயருகில் கையை வைத்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தார். பிறகு பிலோமினா கழுத்து ஜெபமாலையைத் தொடுகிற சத்தம், மணி மணியாக, தனித்தனியாக மேலே வந்தது.

சாராளுக்கு முதலில் பெனடிக்ட் முகம்தான் நினைவுக்கு வந்தது, அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம். ஐயோ, தலைமுடி, முறுக்கு என்று வரிசையாக வந்தது. எப்படிச் சமாளிக்கலாம், சும்மா வேடிக்கைக்குச் சொன்னேனுங்க என்று சிரித்துவிடலாமா என்று மனசு ஓடியது. அதற்கப்புறம் எதைச் சொன்னோம் என்பது அவளுக்கு மெல்ல விளங்கியது. கீழே நின்றதில் ஒருத்தி தன் மகள் என்பதும் விளங்கியது. ஞானாபரணம் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரெபேக்கா பேசினாள். மேலே பார்க்கவில்லை. பிலோமினாவிடம்தான் பேசினாள், சத்தம் போடாமல், பக்கத்தில் நிற்கிறவளிடம் பேசுகிற குரலில். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்கு ஏறி வந்தது.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கட்டுங்களா? எங்கம்மா ரெண்டு நாள் கழிச்சு உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லுவாங்க. அது பொய்யிங்க. எனக்கு இஷ்டம். பொறகு எங்கிட்ட வந்து, நான் கறுப்புன்னு நீங்க சொன்னீங்கன்னு சொல்லுவாங்க. ஒருக்கா அதை நாலு வருஷம் நம்பிப்போட்டேன். அதனால இப்பவே கேட்டுக்கறேன். நான் கறுப்பா இருக்கறதுல உங்களுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சால்வை ரெபேக்காவின் ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது. பிலோமினா அதை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். அந்தத் துணி உரசியதும் கேட்டது.

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன் கண்ணு. சொன்னேன்னு யாரு வந்து சொன்னாலும் நீ நேரா என்னையக் கூப்பிட்டுக் கேளு. நம்பரைப் போட்டுக்க."

ரெபேக்கா கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். பிலோமினா தன் நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். மகள் திருப்பிச் சொல்லிச் சொல்லிப் பதிந்துகொண்டாள். ஒன்பது, எட்டு, நான்கு என்று பத்து எண்ணும் ஒன்று விடாமல் சாராளின் காதில் விழுந்தது. தன் வாழ்நாளில் அவள் கேட்ட எந்தக் கணக்கும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. இந்த ஹாலைக் கட்டியவன் விளங்குவானா என்று ஒரு கணம் பழக்கத்தில் தோன்றியது. அதில் வலுவில்லை. தன்னைத்தான் தூற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, அதற்கு அவளுக்கு வார்த்தை பழக்கமில்லை. அழுகை வந்தது. அழுதால் அதுவும் கீழே கேட்கும். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

ரெபேக்கா போனைப் பைக்குள் வைத்துப் பையை மூடினாள். அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"அம்மா, கேட்டுச்சுங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். சாராள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பிராங்கைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும், தனியாக உட்கார்ந்திருக்கிற வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். நான்கு வருடம் அந்தப் பிள்ளை கண்ணாடி முன்னால் நின்றதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம் என்ற நினைப்பு வந்து எல்லாவற்றையும் அடைத்தது.

"கேட்டுச்சு கண்ணு," என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்காத அளவுக்குத்தான் சொன்னாள்.

கீழே கேட்டது. ரெபேக்கா தலையை ஆட்டினாள். பிறகு பிலோமினாவின் பக்கம் திரும்பி, கல்யாணத்தை எந்த மாசம் வெச்சுக்கலாமுங்க என்று கேட்டாள்.